மண்ணுக்கடியில் ஒரு கழுத்துப்பிடி

கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் சட்டென்று மாறியது. அதுவரை 'பொத் பொத்' என்று கேட்டுக்கொண்டிருந்தது, 'ணங்' என்றது.

தனபால் கடப்பாரையைக் கரையில் வைத்துவிட்டுக் குழிக்குள் மண்டியிட்டார். கையால் மண்ணை வழித்தார். ஈர மண்ணுக்குள் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் தெரிந்தது. குழாயின் மேல் ஒரு பாலிதீன் பொட்டலம். சணல் கயிறு சுற்றி, இறுக்க முடிச்சுப் போட்டு, பார்சல் மாதிரி இருந்தது.

நான் டீத் தூக்கைப் பிடித்துக்கொண்டு குழிக்கு மேலே நின்றிருந்தேன். தோண்டுகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று கொண்டு வந்திருந்தேன்.

முடிச்சு அவிழவில்லை. தனபால் பல்லால் கடித்துப் பிரித்தார். உள்ளே கட்டை விரல் பருமனில் இரண்டு இரும்புத் தடிகள். இரண்டு முனையிலும் போல்ட்டு. நடுவில் அந்தக் குழாய், கழுத்தை நெரித்த கோழி மாதிரி சப்பையாகக் கிடந்தது.

"இன்னாக்கா இது? அண்ணாத்தேயோட கழுத்துப்பிடி மாரி கீது?"

மாதிரி இல்லை. குழாயை நெரித்துத் தண்ணீரை நிறுத்தும் கழுத்துப்பிடியேதான். அதைச் செய்தவர் என் வீட்டுக்காரர். டீத் தூக்கை மண்ணில் வைத்துவிட்டு நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெயர் எழுதாத காரணம்

இந்தத் தொடரில் நான் அவரை 'வீட்டுக்காரர்' என்றே எழுதி வருகிறேன். "இந்தக் காலத்திலும் புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சமா?" என்று ஒரு வாசகி போனவாரம் கேட்டிருந்தார். கூச்சமெல்லாம் இல்லை, அம்மா. இந்த அத்தியாயத்தை ஒருநாள் எழுத வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். அவருடைய தம்பி பிள்ளைகள் எங்கள் பெரியப்பா என்று அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்றும் அம்பத்தூரில்தான் இருக்கிறார்கள்.

அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை எழுத வேண்டாம் என்று சண்டை போட்டிருப்பார். சண்டை போட்டுவிட்டு எழுதியிருப்பேன்.

கறுப்புக் குழாய் வந்த கதை

எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் புதிதாக மனை பிரித்த இடத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனோம். நான் சேலம் பக்கத்துக்காரி. அவர் நசரத்பேட்டைக்காரர், அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் டர்னர். தெருவில் பாதிப்பேர் எஸ்டேட், மீதிப்பேர் ஆவடி தொழிற்சாலை. எல்லார் வீட்டிலும் சைக்கிள், யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை.

எங்கள் தெருவுக்குக் கீழே, ஏரிக்கரையை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். கரை வரிசை என்று சொல்வோம். அங்கே இருந்தவர்கள் முன்பு அந்த ஏரித் தண்ணீரில் அடுத்தவர் நிலத்துக்கு நாற்று நட்டவர்கள். நிலமெல்லாம் மனையான பிறகு மூட்டை தூக்கவும் சித்தாள் வேலைக்கும் போனார்கள். எங்கள் தெருவில் சிலர் அந்த வரிசைக்கு வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுதமாட்டேன்.

பிறகு மேல்நிலைத் தொட்டி கட்டினார்கள். தொட்டியிலிருந்து ஒரே குழாய் இறங்கி, தெருமுனையில் இரண்டாகப் பிரியும். ஒன்று எங்கள் தெருவுக்கு, ஒன்று கரை வரிசைக்கு. இரும்புக் குழாய் வரும் என்று காத்திருந்தோம். மாட்டுவண்டியில் வளையம் வளையமாகச் சுருட்டிய கறுப்புப் பிளாஸ்டிக் வந்து இறங்கியது. "இன்னாடா இது, ஒட்டடைக் குச்சி கூட இத்த வுட கெட்டியா கீது" என்று என் வீட்டுக்காரர் கையால் வளைத்துப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் முதல்நாள் தண்ணீர் வந்தபோது குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியவர்களில் நானும் ஒருத்தி.

கற்பூரத்தின் சூட்டில் குழாயின் வாய் லேசாக இளகிப்போனது வேறு விஷயம். பிளாஸ்டிக்குக்குத் தீபாராதனை ஆகாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

கழுத்துப்பிடி

அந்தக் குழாய் அடிக்கடி ஒழுகியது. வண்டி ஏறினால் கீறும், தோண்டுகிறவன் மண்வெட்டி பட்டால் வெட்டும். ஒழுகினால் சரி செய்யத் தண்ணீரை நிறுத்த வேண்டும். நிறுத்த வழி கிடையாது. தொட்டிக்கு அடியில் இருந்த ஒரே வால்வும் துருப்பிடித்து இறுகி, உடும்பு மாதிரி பிடித்துக்கொண்டது. தொட்டி முழுவதையும் தெருவில் திறந்துவிட்டுக் காலி செய்துதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கு ஊரே திட்டும்.

சிலர் குழாயைத் தோண்டி எடுத்து, மடித்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் நின்றது. அடுத்த வாரமே மடித்த இடம் வெடித்தது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து அந்த இரண்டு தடிகளைச் செய்துகொண்டு வந்தார். வேலை சுலபம்போலத் தெரியும், ஆனால் அதற்கு ஒரு பக்குவம் உண்டு. தடிகளைக் குழாய்க்கு மேலும் கீழும் வைத்து, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு பக்கமே முடுக்கினால் குழாய் கிழியும். ஒட்டுப்போட்ட இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். ஒருமுறை நெரித்த இடத்தில் மறுமுறை நெரிக்கக்கூடாது. அதனால் கழற்றியதும் அந்த இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வளையம் போட்டுவைப்பார்.

தண்ணீர் சொட்டுக்கூட வரக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. உடைந்த பாகத்தை அறுத்துவிட்டு, குழாயின் இரு முனைகளையும் சூடான இரும்பில் வைத்து இளக்கி ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டுவார். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் ஒட்டாது. அந்தச் சூடான இரும்பு என்னுடைய தோசைக்கல். எத்தனையோ நாள் எங்கள் வீட்டுத் தோசையில் பிளாஸ்டிக் வாசம் அடித்திருக்கிறது.

'கழுத்துப்பிடி' என்று அதற்குப் பெயர் வைத்தவள் கரை வரிசை முனியம்மா, தனபாலின் மனைவி. முதல்முறை பார்த்தபோது, "அய்ய, குயாயி கயுத்த புடிச்சி நெரிக்கிற மாரியே கீதுக்கா!" என்று சிரித்தாள். பெயர் நிலைத்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் ஊரில் ஒரு மரியாதை வந்தது. எங்கள் தெரு, கரை வரிசை என்று பார்க்காமல் கூப்பிட்ட இடத்துக்குப் போவார், காசு வாங்கமாட்டார். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

இரண்டு குடம் புண்ணியம்

அந்த வருஷம் கோடையில் எங்கள் தெருவில் தண்ணீர் குறைந்தது. எங்கள் வீடு கடைசி வீடு. முன்வீட்டுக்காரர்கள் எல்லாம் பிடித்தது போக எங்களுக்கு அழுதுகொண்டு வரும். நானும் கூடவே அழுவேன். காலையில் அவர் சைக்கிளைத் துடைக்கும் நேரம் பார்த்து, "ஊருக்கெல்லாம் குழாய் சரி பண்றீங்க, உங்க வீட்டுல ஒரு குடம் நிறையல" என்று ஆரம்பிப்பேன். அவர் துடைத்து முடித்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்.

திடீரென்று ஒருநாள் எங்கள் குழாயில் தண்ணீர் ஜோராக வர ஆரம்பித்தது. குடம் நிறைந்து வழிந்தது. தொட்டியில் ஏதோ சுத்தம் செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். வருகிற தண்ணீரை ஏன் வந்தாய் என்று யார் கேட்பார்கள்?

கரை வரிசையில் அதே சமயம் நூலாக இறங்கியது. ஒரு குடம் நிறைவதற்குள் சோறு வடித்து இறக்கிவிடலாம். தொட்டியில் வேகம் போதவில்லை என்றார்கள், ஏரி வற்றியது என்றார்கள். முனியம்மா எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்து தினம் இரண்டு குடம் பிடித்துப் போவாள். எங்கள் தெருவில் முணுமுணுத்தார்கள். "என் வீட்டுத் தண்ணி, நான் குடுக்கறேன்" என்று சண்டைக்குப் போனேன். அந்த இரண்டு குடம் அந்த வரிசை முழுக்கக் குடிப்பதற்குப் பங்குபோனது. போதாததற்கு ஏரித் தண்ணீர்.

முனியம்மாவின் பெண் வள்ளிக்கு மூன்று வயது இருக்கும். ஏரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றோட்டம் பிடித்தது. ஒரே நாளில் குழந்தை துணிபோல ஆகிவிட்டது. கண் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைக்குமா என்று தெரியாமல் கழிந்த நாட்கள் அவை. கடைசியில் கண் திறந்தது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம், ஆனா ஏரித் தண்ணி ஒரு வாய் உள்ளே போனாலும் நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குழந்தை வருவதற்குள் குழாயில் தண்ணீர் வந்தாக வேண்டும். அதற்காகத்தான் தனபாலும் கரை வரிசை ஆட்களும், அடைப்பு எங்கே என்று தெருமுனையிலிருந்து தங்கள் குழாயைத் தோண்ட ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அன்று காலை ஷிப்ட்.

ஆணியில் தொங்கியது

குழியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தனபால் போல்ட்டுகளை ஒரு விரலால் தடவிப் பார்த்தார், விரலைத் தன் லுங்கியில் துடைத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எப்பவோ ரிப்பேருக்குப் போட்டுட்டு அண்ணாத்தே மறந்துட்டாருபா. வேற இன்னா?"

"ஆமாமா, மறந்துதான் பூட்டாரு" என்றார்கள் மற்றவர்கள். யாரும் கோபப்படவில்லை. எனக்கு அழுகை வந்தது. எவ்வளவு நம்புகிறார்கள் இந்த மனிதரை!

நான் குனிந்து பார்த்தேன். போல்ட்டுகளில் துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸ் தடவியிருந்தது. ஒட்டிலிருந்து சரியாக ஒரு முழம் தள்ளி, இரண்டு பக்கமும் தலைமுடி வித்தியாசம் இல்லாமல் முடுக்கியிருந்தது. குழாயை முழுக்க நெரிக்கவும் இல்லை. நூல்போல வரட்டும் என்று கொஞ்சம் இடம் விட்டிருந்தது. முழுக்க நின்றிருந்தால் அன்றைக்கே தோண்டியிருப்பார்கள் அல்லவா?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறதியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். கழுத்துப்பிடியைக் கொல்லைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவைப்பது அவர் வழக்கம். அது அங்கே இல்லை என்றால் குழிக்குள் கிடப்பது அதுதான், மறந்துதான் போனார்.

ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் குழிக்குள் இருப்பது இரண்டாவது. ரிப்பேருக்குச் செய்ததில்லை. இதற்கென்றே பட்டறையில் நின்று, தடி வெட்டி, துளை போட்டு, கிரீஸ் தடவிப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து புதைத்திருக்கிறார். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாத மனிதர். இந்த அநியாயத்தையும் அப்படியே சுத்தமாகச் செய்திருந்தார்.

துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தேன். பக்கத்தில் குழாய் மூடியும் மூடாமலும் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை இறுக்கி மூடினேன்.

அவர் சொன்ன பதில்

ஷிப்ட் முடிந்து வந்தவரைத் தெருமுனையிலேயே மறித்தார்கள். "இன்னா அண்ணாத்தே, இங்க ஒண்ண மாட்டிட்டு மறந்துட்டியே" என்றார் தனபால். சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு குழியைப் பார்த்தார். பிறகு, "ஆமாம்பா, மறந்தே பூட்டேன்" என்றார். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அப்பளம் பொரித்தாயா என்று என்னைக் கேட்கும் அதே குரல்.

வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"ஆணியில ஒண்ணு தொங்குதே, அப்ப அது என்னங்க?"

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"நீதான தெனம் அழுதே? கொடம் நெறயல, கொடம் நெறயலன்னு? நெறஞ்சிதா இல்லியா?"

"அதுக்காக? அந்தப் புள்ள செத்துப்போயிருக்கும்!"

"ஏரித் தண்ணிய குடுப்பாங்கன்னு நான் கண்டனா? கொஞ்ச நாளு, மழ வந்தா எடுத்துடலாம்னுதான் வெச்சேன்." சட்டையைக் கொடியில் போட்டார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "அப்டியும் வுட்டுட்டோமா இன்னா? அவங்களுக்குத்தான் நீ ரெண்டு கொடம் குடுத்துகினு கீறியே."

வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. எத்தனையோ சாவு பார்த்துவிட்டேன், வெள்ளம் பார்த்துவிட்டேன். அந்த வாக்கியத்தைக் கேட்டபோது திகைத்த மாதிரி அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அவர்கள் தண்ணீரைப் பிடுங்கி, அதிலிருந்தே இரண்டு குடம் எடுத்து, அதை அவர்களுக்கே தர்மம் செய்து, தெருவோடு சண்டை போட்டுப் புண்ணியவதி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தப் புண்ணியத்தை அவர் கணக்கில் வேறு சேர்த்துக்கொண்டார்.

அன்று அவருக்குச் சோறு போட்டேனா என்று ஞாபகம் இல்லை. போட்டிருக்கமாட்டேன்.

மறுநாள் காலை

நெரிந்த குழாய் நிமிரவில்லை. இத்தனை நாள் சப்பையாகக் கிடந்ததில் ஓரம் வெளுத்து வெடிப்பு விட்டிருந்தது. அந்தத் துண்டை அறுத்துப் புதுத் துண்டு வைத்தே ஆக வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் ஒரே ஒருத்தர்தான்.

கூப்பிட்டார்கள். போனார். என் தோசைக்கல்லையும் எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

முனியம்மா ஆஸ்பத்திரியில் தன் தங்கையைக் காவலுக்கு வைத்துவிட்டு வந்திருந்தாள். நான்கு நாளாகத் தூங்காத முகம். என்னைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தாள். வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"வேல முடியட்டும்க்கா."

என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. குழிக்குள் வேலை நடந்தது. அதே கழுத்துப்பிடியைத் தொட்டிப் பக்கமாகத் தள்ளிப் போட்டு, இங்கே அரைச் சுற்று, அங்கே அரைச் சுற்று என்று முடுக்கினார். தண்ணீர் நின்றது. தனபால் சாணி வறட்டியில் தோசைக்கல்லைக் காய்ச்சிக் கொடுத்தார். "இத்தினி சூடு போதுமா அண்ணாத்தே?" "துணிய புடி அண்ணாத்தே, கை சுட்டுடப் போவுது." ஒருவர் டீ வாங்கி வந்து நீட்டினார். அத்தனை மரியாதையையும் வாங்கிக்கொண்டு அவர் முனைகளை அழுத்திப் பிடித்து ஒட்டினார்.

ஒட்டு ஆறியதும் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். கரை வரிசையின் கடைசிக் குழாயிலிருந்து ஒரு பொம்பளை கத்தினாள். "வந்துச்சீ! வேகமா வர்து!"

என் வீட்டுக்காரர் கழுத்துப்பிடியைத் துடைத்து, நெரித்த இடத்தில் சிவப்பு வளையம் போட்டு, பைக்குள் வைக்கப் போனார். தனபால் கையை நீட்டினார்.

"அது எங்க ஊட்லயே கெடக்கட்டும் அண்ணாத்தே."

"எதுக்கு?"

"கெடக்கட்டும். கொல்லையில ஆணில ஒண்ணு மாட்டிகீதே, அத்தயும் குடுத்து வுட்டுடு. வேல வந்தா நீயே வந்து வாங்கிக்கோ, இன்னா?"

தனபாலின் குரலில் கோபம் துளியும் இல்லை. டீ கொடுத்தபோது இருந்த அதே மரியாதை. என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். சுற்றி நின்றவர்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லாரும் குழியைப் பார்த்தார்கள். பைக்குள் போன இரும்பை வெளியே எடுத்துத் தனபால் கையில் வைத்தார்.

நான் முனியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"உன் ஊட்டுக் கொல்லைக்குத் தெனம் வந்துகினு போறவ நானு. ஆணில ஒண்ணு மாட்டிகினு கீறத பாக்கமாட்டனா? அதும் இல்லாம, மறந்துட்டுப் போறவன் எவன்க்கா கிரீசு தடவி பொட்டலம் கட்டுவான்? நேத்தே எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் மறந்துட்டாருன்னு சொன்னாங்க?"

முனியம்மா என்னை ஒரு சின்னக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நேத்தே சட்டயப் புடிச்சிருந்தா இன்னிக்கி வந்து ஒட்டுவாராக்கா? பாப்பா மத்தியானம் வர்து."

அதைச் சொல்லிவிட்டுக் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வரவில்லை.